நுங்கம்பாக்கத்தின் தெருக்களும் பழைய கட்டடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும், சனி ஞாயிறில் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களும், தாத்தா கட்டிய வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழிக்கிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை நேராகப் பதில் எழுதியிருக்கிறேன்.

நுங்கம்பாக்கம் என்பது எதிலிருந்து எதுவரை?

தோராயமாகச் சொன்னால், வடக்கே கூவம், மேற்கே கடற்கரை–தாம்பரம் ரயில் பாதை, கிழக்கே ஹாடோஸ் ரோடும் ஆயிரம் விளக்கும், தெற்கே கோடம்பாக்கம் ஹை ரோடு. மகாலிங்கபுரம், லேக் ஏரியா இரண்டையும் உள்ளே சேர்ப்பதா வேண்டாமா என்பது வீட்டு புரோக்கரைப் பொறுத்தது. விற்கும்போது எல்லாமே நுங்கம்பாக்கம்தான். கிரீம்ஸ் ரோடு, கணக்குப்படி ஆயிரம் விளக்கு. ஆனால் அதன் கதை இந்தப் பகுதியோடு பின்னிக்கிடப்பதால் கீழே அதுவும் வருகிறது.

வெள்ளைக்காரர்கள் உண்டாக்கிய பகுதியா இது?

இல்லை. பங்களாக்கள்தான் அவர்கள் காலத்தவை, ஊர் பழையது. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் இந்த ஊரின் பெயர் இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது 11ஆம் நூற்றாண்டு. அகத்தீஸ்வரர் கோயிலைச் சுற்றி நடந்தால் அந்தப் பழைய கிராமத்தின் மிச்சம் கொஞ்சம் பிடிபடும். தெரு குறுகும், வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும், வாசல் நேராகத் தெருவில் இறங்கும். வில்லேஜ் ரோடு என்ற பெயரும் இன்னும் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு இந்த ஊர் வந்தது 1708இல். திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவற்றோடு சேர்த்து ஐந்து கிராமங்களாக நவாப் தாவூத் கானிடமிருந்து வாங்கினார்கள். வாங்கியபோது வயலும் ஏரியும் தோப்பும்தான். பணக்காரப் பகுதியாக மாறியதெல்லாம் அதற்கு இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகு.

தெருப் பெயர்களில் ஏன் இத்தனை 'கார்டன்'? ஒரு தோட்டத்தையும் காணோமே?

நுங்கம்பாக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கம்பெனிக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுடனும் ஹைதர் அலியுடனும் இருந்த போர்ப் பயம் மெல்ல அடங்க அடங்க, வசதி படைத்த அதிகாரிகளும் வியாபாரிகளும் கோட்டையை அலுவலகமாக மட்டும் வைத்துக்கொண்டு, மேற்கிலும் தெற்கிலும் இருந்த வெட்டவெளியில் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் பல ஏக்கர். நடுவில் ஒரு வெள்ளை வெளேர் மாளிகை, சுற்றிலும் மரம், பின்னால் குதிரை லாயம், சமையல்கட்டு, வேலைக்காரர் குடிசைகள். காலையில் வண்டியில் கோட்டைக்குப் போய்விட்டு வெயில் தாழத் திரும்புவார்கள்.

அந்த வளாகங்களுக்கு உடையவரின் பெயரே பெயர். மெக்கேஸ் கார்டன், வாலஸ் கார்டன், பைகிராஃப்ட்ஸ் கார்டன் என்று இன்றைக்கும் தபால் முகவரியில் எழுதுகிறோமே, அவையெல்லாம் ஒரு காலத்தில் ஒவ்வொரு தனி மனிதனின் காம்பவுண்டு. ஜார்ஜ் மெக்கே, 1776இல் ஆளுநர் பிகாட்டைக் கவிழ்த்துச் சிறைவைத்த கவுன்சில் உறுப்பினர்களில் ஒருவர். தாமஸ் பைகிராஃப்ட் 19ஆம் நூற்றாண்டில் சென்னை அரசாங்கத்தில் உயர் பதவி வகித்த அதிகாரி. ராயப்பேட்டையிலிருந்து திருவல்லிக்கேணிக்குப் போகும் பாரதி சாலைக்கும் முன்பு அவர் பெயர்தான்.

தோட்டங்கள் எங்கே போயின? வாரிசுகள் பங்கு பிரித்தார்கள். முதலில் இங்கிலாந்துக்குத் திரும்பியவர்கள் ஜமீன்தார்களுக்கும் வக்கீல்களுக்கும் வியாபாரிகளுக்கும் விற்றார்கள். பிறகு அவர்களின் பிள்ளைகள் பாகம் போட்டார்கள். மாளிகையின் வாசலுக்குப் போன வண்டிப்பாதை தெருவானது, குதிரை லாயம் இருந்த இடம் குறுக்குச் சந்தானது, தோட்டம் மனைகளானது. இந்தப் பகுதியில் நல்ல அகலமான தெரு ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் முட்டுச்சந்தாக முடிவதையும், நேராகப் போகவேண்டிய சாலை ஏதோ ஒரு பழைய மதிலைச் சுற்றிக்கொண்டு வளைவதையும் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவு அந்தக் காலத்து மதில். யாரும் திட்டமிட்டுப் போட்ட தெருக்கள் அல்ல இவை. பக்கத்துத் தியாகராய நகரில் நகரமைப்புத் துறை வரைந்து போட்ட தெருக்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

அப்படியானால் ஒன்றிரண்டு பழைய மாளிகைகள் மட்டும் எப்படித் தப்பின?

நிறுவனங்கள் வாங்கியவை தப்பின, குடும்பங்கள் வைத்திருந்தவை போயின. கொஞ்சம் முரட்டுத்தனமான பதில்தான், ஆனால் பெரும்பாலும் உண்மை. கல்லூரியோ அரசுத் துறையோ ஒரு வளாகத்தை முழுசாக வாங்கினால் அதைப் பங்கு போட யாருமில்லை. இடித்துக் கட்டப் பணமும் சீக்கிரம் ஒதுக்க மாட்டார்கள். அரசின் சோம்பலுக்கு நாம் நன்றி சொல்லவேண்டிய இடங்கள் சென்னையில் நிறைய உண்டு, காலேஜ் ரோடு அதில் ஒன்று.

இதற்கு நல்ல சாட்சி டவ்டன் ஹவுஸ். 1798 வாக்கில் பெஞ்சமின் ரோபக் என்ற கம்பெனிக்காரர் கட்டியது. பின்னால் லெப்டினன்ட் ஜெனரல் ஜான் டவ்டனிடம் வந்து அவர் பெயரையே ஒட்டிக்கொண்டது. இங்கே ஒரு மகாராஜாவும் காவலில் இருந்திருக்கிறார். பரோடாவின் மல்ஹர் ராவ் கெய்க்வாட், அவருடைய அரசவையில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்டுக்கு விஷம் வைக்கப் பார்த்தார் என்ற வழக்கு நடந்து, 1875இல் பட்டத்திலிருந்து இறக்கப்பட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அவரை வைத்திருந்தது இந்த வீட்டில். அவர் 1882இல் சென்னையிலேயே இறந்துபோனார்.

1915இல் கீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் 41 மாணவிகளோடு தொடங்கிய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, அடுத்த ஆண்டே டவ்டன் ஹவுஸுக்கு இடம் மாறியது. எலினார் மெக்டூகல் முதல் முதல்வர். அன்றைக்குக் கல்லூரி வாங்கியிராவிட்டால் இன்றைக்கு அங்கே 'டவ்டன் அவென்யூ' என்று நாற்பது ஃபிளாட்டுகள் நின்றிருக்கும். காலேஜ் ரோட்டின் வடபுறம், கூவக்கரை ஓரமாக அந்தக் காலத்தில் வரிசையாக நின்ற மாளிகைகளில் கடைசியாக மிஞ்சியது இதுதான்.

காலேஜ் ரோடு என்ற பெயர் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியால் வந்ததா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்கு நூறு வருஷம் முந்தையது அந்தப் பெயர்.

லண்டனிலிருந்து வந்து இறங்கும் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கற்பிக்க 1812இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்று ஒன்று தொடங்கினார்கள். பெயரில்தான் கோட்டை. அது குடியிருந்த வளாகம் இந்தச் சாலையில் இருக்கிறது. நாம் டி.பி.ஐ. என்று சொல்லும் பள்ளிக் கல்வித் துறை வளாகம் அது. சில ஆண்டுகளுக்கு முன் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாற்றினார்கள். ஆசிரியர்கள் போராட்டம் என்றால் செய்தித்தாளில் வரும் இடம் என்றால் சட்டென்று தெரியும்.

அந்தக் கல்லூரியின் மூளை பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழ்ப் புலவர்கள் அவரை எல்லீசன் என்றே எழுதினார்கள். தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே, கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கான குறிப்பில் சான்றுகளோடு எழுதிவிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல், நாற்பது வருஷம் கழித்து. எல்லிஸ் மட்டும் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்ததாகவும் நினைக்கவேண்டாம். கல்லூரியில் இருந்த தமிழ், தெலுங்குப் பண்டிதர்களின் உழைப்பு அதன் அடியில் கிடக்கிறது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1824இல் அச்சேறியதும் இந்தக் கல்லூரியின் முயற்சியில்தான்.

எல்லிஸுக்குத் திருக்குறள் பித்து. குறளுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதத் தொடங்கினார். நாணயச்சாலை அவர் பொறுப்பில் இருந்தபோது திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு வெளியிட்டார். 1818இல் சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறுகள் தோண்டவைத்தார். ராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றில் அவர் வெட்டுவித்த கல்வெட்டில் 'இருபுனலும் வாய்ந்த மலையும்' என்ற குறள் இருக்கிறது. அடுத்த ஆண்டே ராமநாதபுரத்தில் இறந்துபோனார்.

கல்லூரி 1854இல் மூடப்பட்டது. அதன் மாடியில்தான் 1851இல் எட்வர்ட் பால்ஃபரின் பொறுப்பில் அரசு அருங்காட்சியகம் தொடங்கியது. இடம் போதாமல் எழும்பூரில் பாந்தியன் என்ற வளாகத்துக்குப் போனது பிறகு. எழும்பூர் மியூசியம் பிறந்த வீடு நுங்கம்பாக்கம் என்பது எழும்பூர்க்காரர்களுக்கே பல பேருக்குத் தெரியாது.

அதே வளாகத்தில் இருக்கும் சிவப்புக் கட்டடம் என்ன? உள்ளே போகலாமா?

மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி. 1812இல் சென்னை நீதிபதி ஜான் நியூபோல்ட் முன்னின்று தொடங்கிய சங்கம். இந்தியாவின் மிகப் பழைய சந்தா நூலகங்களில் ஒன்று. இப்போதைய இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடம் 1900களின் தொடக்கத்தில் எழுந்தது. உள்ளே கூரையைத் தொடும் அலமாரிகள், ஏணி, 17ஆம் நூற்றாண்டு நூல்கள், பழைய தோலட்டையின் மணம். நூலகம் என்பதால் ஆண்டுச் சந்தா கட்டி யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம். சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். சிதைந்த நூல்களைச் செப்பனிட ஒரு நூலைத் தத்தெடுத்துப் பணம் கொடுக்கும் திட்டமும் வைத்திருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் ஒரே ஒரு கட்டடத்துக்குள் போக நேரம் இருக்கிறது என்றால் இங்கே போங்கள்.

'நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் மழை' என்று சொல்கிறார்களே, அந்த இடத்தில் ஏதோ பழைய கல்தூண் இருக்கிறதாமே?

இருக்கிறது, காலேஜ் ரோட்டில் வானிலை ஆய்வு மையத்துக்குள். சென்னையில் அதிகம் பேர் பார்க்காத, ஆனால் பார்க்கவேண்டிய முதல் பத்து இடங்களில் அதைச் சேர்ப்பேன்.

வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தன் வீட்டிலேயே ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிதாகக் கட்டியது. வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். இதே டாப்பிங் சொல்லித்தான் 1794இல் நில அளவைப் பள்ளி ஒன்றும் தொடங்கினார்கள், அதன் வழிவந்ததுதான் கிண்டிப் பொறியியல் கல்லூரி. தொலைநோக்கி ஆடாமல் இருக்க நடுவில் ஒரே கல்லாலான கருங்கல் தூணை நிறுத்தினார்கள். ஏறத்தாழ 18 அடி உயரம், 10 டன் எடை. ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் அறியட்டும் என்ற பொருளில் அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, லத்தீன் எல்லாம் உண்டு. ஆரியபட்டரும் பாஸ்கரரும் இந்த வாக்கியத்தைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும்.

பெருமை பேசியது ஒருபுறம் இருக்க, வேலையும் நடந்தது. முதல் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் கணித்த தீர்க்கரேகையை வைத்துத்தான் 1802இல் வில்லியம் லாம்டன் தொடங்கிய, நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் முக்கோண அளவையின் கணக்குகள் எழுந்தன. இந்தியாவின் வரைபடம் முழுக்க ஒருவகையில் இந்தத் தூணில் கட்டிய கயிறு. ரயில்வேக்கள் நெடுங்காலம் ஓடியதும் 'மெட்ராஸ் டைம்' என்ற இந்த ஆய்வுக்கூடத்து நேரத்தில்தான். 1906இல் வந்த இந்திய நேரத்துக்கு அது ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் பின்னால் இருந்தது.

1861இல் நார்மன் பாக்சன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஏசியா' என்று பெயர் வைத்தார். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். நவீனத் தொலைநோக்கியில் ஒரு இந்தியர் செய்த முதல் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று சண்டை போடுகிறோமே, வானத்தைப் பார்த்துச் சரிபார்த்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தைச் சென்னையில் வெளியிட்டுப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். அவருக்கு இந்தச் சாலையில் ஒரு பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத குறை.

1899இல் வானாய்வு கொடைக்கானலுக்குப் போய்விட்டது. வானிலை மட்டும் இங்கே தங்கியது. மண்டல வானிலை ஆய்வு மையம் என்பதால் நினைத்தவுடன் உள்ளே நுழைய முடியாது, முன்கூட்டியே எழுதிக் கேட்கவேண்டும். மார்ச் 23, உலக வானிலை நாளை ஒட்டிப் பார்வையாளர்களை அனுமதிப்பதுண்டு.

பழைய பங்களாக்களில் வெயில் தெரியாது என்கிறார்களே, எப்படிக் கட்டினார்கள்?

கனமான செங்கல் சுவர், பதினைந்து பதினாறு அடிக் கூரை, நாலு பக்கமும் தூண் வைத்த வராந்தா. சித்திரை வெயிலில் தூண்களுக்கிடையே வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி ஆள்வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். தூணும் சுவரும் சலவைக்கல் மாதிரி மின்னியதைப் பார்த்து வெளிநாட்டுப் பயணிகள் ஏமாந்திருக்கிறார்கள். அது சலவைக்கல் அல்ல, சிப்பிச் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, சலித்து, முட்டை வெள்ளைக்கருவும் வெல்லத் தண்ணீரும் தயிரும் சேர்த்து அரைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்த பளபளப்பு.

கூரைதான் அதைவிடச் சுவாரசியம். மெட்ராஸ் டெரஸ் என்று இன்றும் மேஸ்திரிகள் சொல்வார்கள். தேக்கு உத்தரங்களை அடுக்கி, அவற்றின்மேல் சின்னஞ்சிறு செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்குவாட்டில் கட்டுவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அதை அடித்துக்கொண்டே வருவார்கள், நடுநடுவே கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். கட்டை பட்டால் துள்ளித் தெறிக்கும் அளவுக்கு இறுகியபிறகுதான் நிறுத்துவார்கள். கடைசியில் மேலே தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள்.

எங்கள் வீட்டு மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது. மேலே சிமென்ட் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் மூடிவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கீழிறங்கி, உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் தேங்கும். மேலே பார்க்கத் தேக்கு கல் மாதிரி இருக்கும், சுவருக்குள் முனை மட்டும் உளுத்துப்போயிருக்கும். தட்டோட்டைப் பெயர்த்து, விரிசலைச் சுண்ணாம்பாலேயே அடைத்து, மழைநீர் வாட்டத்தைச் சரிசெய்தாலே பாதி ஒழுகல் நிற்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வரவழைக்கிறார்கள்.

பழைய வீட்டை இடிக்கச் சட்டத் தடை உண்டா?

பட்டியலில் இருந்தால் உண்டு. விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் 2006இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்போடு, நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 400க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் இணைக்கப்பட்டது. அவற்றில் கைவைக்கவேண்டுமானால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடம் போகவேண்டும். 2012இல் மாநில அளவில் பாரம்பரிய ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது. தனியார் வீடுகள் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே இருப்பதால் நடைமுறையில் தடை குறைவு. இடிக்கக்கூடாது என்று சொல்வது எனக்கு எளிது, சொத்து வரி கட்டுகிறவர்களுக்கு அல்ல. வரிச்சலுகையோ, இழந்த கட்டுமான உரிமைக்கு ஈடோ கிடைக்காதவரை குடும்பங்கள் பில்டரோடு சேர்ந்து ஃபிளாட் கட்டும் ஜாயின்ட் வென்ச்சருக்குத்தான் கையெழுத்துப் போடும்.

ஏரி இருந்ததாகச் சொல்கிறார்களே, எங்கே?

உங்கள் காலடியில். மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நீண்டு கிடந்தன, லாங் டேங்க் என்பார்கள். 1890களில் படகுப் போட்டிகூட நடத்தியிருக்கிறார்கள். 1920களில் மாம்பலம் குடியிருப்புத் திட்டத்துக்காகத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மிஞ்சிய பகுதியும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், 1970களில் அங்கே வள்ளுவர் கோட்டம் எழுந்தது. டேங்க் பண்ட் ரோடு அதன் கரை. லேக் ஏரியா அதன் படுகை. ஐப்பசி கார்த்திகையில் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று மாநகராட்சியைத் திட்டுகிறவர்கள் தங்கள் தெருப் பெயரை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

வள்ளுவர் கோட்டத்தைப் பழைய கட்டடம் என்று சொல்லலாமா?

ஐம்பது வயது ஆகிவிட்டது, சொல்லலாம். கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு. திருவாரூர் ஆழித்தேரை மாதிரியாகக் கொண்ட 128 அடிக் கல்தேர், 1330 குறளும் பொறித்த குறள் மாடம். கட்டியது கருணாநிதி அரசு. திறப்பு விழாவுக்கு முன் 1976 ஜனவரி 31இல் ஆட்சி கலைக்கப்பட, ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது திறந்துவைத்தார், கட்டியவர் இல்லாமலேயே. எல்லிஸ் குறளுக்கு அடித்த காசு எங்கோ அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கிறது. குறளுக்குக் கட்டிய தேர் அவருடைய கல்லூரி இருந்த பகுதியின் மறுகோடியில் நிற்கிறது. இரண்டையும் ஒரே மாலையில் நடந்தே பார்த்துவிடலாம்.

பெயர் மாறிய சாலைகளில் எந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்குப் புரியும்?

பழையது. நுங்கம்பாக்கம் ஹை ரோடு என்றுதான் சொல்லவேண்டும். உத்தமர் காந்தி சாலை என்றால் ஒருகணம் யோசிப்பார். எத்திராஜ் சாலை விதிவிலக்கு. கமாண்டர்-இன்-சீஃப் ரோடு என்ற நீளமான பெயரை மக்களே கைவிட்டார்கள், வி.எல். எத்திராஜ் 1948இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அங்கே இருப்பதால் புதுப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கிரீம்ஸ் ரோட்டின் பெயர் ஹென்றி சல்லிவன் கிரீம் என்பவருடையது. 1827இல் ஆளுநர் மன்றோ காலராவில் இறந்தபோது சில மாதங்கள் பொறுப்பு ஆளுநராக இருந்தவர். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் வங்காளத்திலிருந்து வருகிறவருக்கும் தெரியும், 1983இல் வந்த அப்பல்லோ மருத்துவமனை காரணம். லேடி மாதவன் ரோடு, நீதிபதி மாதவன் நாயரின் மனைவி பெயரில் அமைந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கியபோது 'நாயர்' போனது. ஆண்டர்சன் ரோடு, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவரின் நினைவு. இந்தப் பகுதியில் தாவரத் தோட்டம் வைத்திருந்தார், பட்டுப்பூச்சி முதல் சாயப்பூச்சி வரை இங்கே வளர்த்துப் பார்த்தவர். அவருடைய சிலையைப் பக்கத்திலேயே கதீட்ரல் ரோட்டில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பார்க்கலாம்.

காதர் நவாஸ் கான் ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

கடை. மரநிழல் நன்றாக இருக்கும். விலை கேட்காமல் நடந்தால் சுகம்.

ஜெமினி மேம்பாலத்தின் அடியில் குதிரையைப் பிடித்து நிறுத்தும் சிலைகள் எதற்கு?

கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்கு 1970களில் அரசு விதித்த தடையின் நினைவாக வைத்தவை. மேம்பாலம் 1973 ஜூலை 1இல் திறக்கப்பட்டது, சென்னையின் முதல் மேம்பாலம். ஊருக்கு அண்ணா மேம்பாலம், மக்களுக்கு ஜெமினி. எஸ்.எஸ். வாசன் 1940இல் தொடங்கிய ஸ்டூடியோ போய், அந்த நிலத்தில் ஹோட்டலும் வணிக வளாகமும் வந்து வருஷங்கள் ஆகியும் பெயர் போகவில்லை.

அரைநாளில் நடந்து பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

காலை ஏழு மணிக்கு நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது. பக்கத்தில் 1925இல் தொடங்கிய லயோலா கல்லூரி. அதன் கிறிஸ்து அரசர் ஆலயக் கோபுரம் சாலையிலிருந்தே தெரியும். ஸ்டெர்லிங் ரோடு வழியாகக் காலேஜ் ரோட்டுக்கு வாருங்கள். மெட்ரோ பணிக்குத் தடுப்பு போட்டிருந்தால் கொஞ்சம் சுற்றவேண்டியிருக்கும். வானிலை மையத்தின் மதில், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி வாசல், டி.பி.ஐ. வளாகம் என்று வரிசையாக வரும். நூலகம் திறக்கும் நேரத்தை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஹாடோஸ் ரோடு, அதன் சந்துகள், பைகிராஃப்ட்ஸ் கார்டன், பிறகு காதர் நவாஸ் கான் ரோடு, ஹை ரோடு. வெயில் ஏறுவதற்குள் அகத்தீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டால், நடை சாத்துவதற்கு முன் தரிசனமும் ஆயிற்று. மெட்ரோவில் திரும்பவேண்டுமென்றால் ஆயிரம் விளக்கு நிலையம். வள்ளுவர் கோட்டத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கருங்கல் தரை பகலில் காலைச் சுடும்.

படம் எடுக்கலாமா?

தெருவில் நின்று எடுக்கலாம். மகளிர் கல்லூரிக்குள் அனுமதிக் கடிதம் இல்லாமல் விடமாட்டார்கள், காவலாளியிடம் வாதாடிப் பயனில்லை. சாஸ்திரி பவன் மாதிரி மத்திய அரசு அலுவலகங்களின் முன் கேமராவை நீட்டாதீர்கள். தனியார் பங்களா என்றால் வாசலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுப் பெரியவர் ஊஞ்சலில் இருந்தால் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்து, வீடு கட்டிய கதையையே சொல்லக்கூடும். புரோக்கர் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.